51 டாலர் இடைவெளி: சிட்னியில் ஒரு மாணவியின் சிறுநீரகத் தொற்று

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருக்கும் எவரும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. மிகச் சில நாட்டவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்தியரும் இலங்கையரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஓ.எஸ்.எச்.சி. என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் காப்பீட்டுக்கு விசா முடியும் நாள் வரையிலான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அப்படியிருந்தும், காய்ச்சல் வந்தால் கடைசிவரை மருத்துவரிடம் போகாமல் சமாளிக்கப் பார்க்கும் மாணவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். சிட்னிக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு உதவும் ஒரு சிறு வட்டத்தில் நானும் இருக்கிறேன். அங்கு வந்த ஒரு நிகழ்வை, சம்பந்தப்பட்ட மாணவியின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்லவருவது ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் வரும் ஆஸ்பத்திரிப் பில்லை இந்தக் காப்பீடு பெரும்பாலும் கட்டிவிடுகிறது. ஐம்பது அறுபது டாலர் சிறு செலவுதான் மாணவரை மருத்துவரிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது. அந்தச் சிறு செலவோ, எங்கே போவது என்று தெரிந்திருந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

நிகழ்வு

மாணவிக்கு வயது 24. முதுநிலைப் படிப்புக்காக 2026 பிப்ரவரியில் வந்தவர். மேற்கு சிட்னியில் நான்கு பேரோடு பகிர்ந்த வீடு. வாரத்தில் மூன்று நாள் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா அனுமதிக்காது என்பதால், வாடகையும் சாப்பாடும் அந்தக் கணக்குக்குள்தான் ஓட வேண்டும்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியது. அடிக்கடி போகவேண்டும் போன்ற உணர்வு, அடிவயிற்றில் கனம். காய்ச்சல் இல்லை. இந்தியாவில் முந்தைய ஆண்டு ஒருமுறை இதே தொல்லை வந்து மாத்திரையில் சரியாகியிருந்ததால் அவருக்கு இது என்னவென்று தெரிந்தது. கிடங்கில் கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். அது நிலைமையை மோசமாக்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார். வாசலில் ‘பல்க் பில்லிங்’ என்று பெரிய பலகை. பல்க் பில்லிங் என்றால் மருத்துவருக்கு நாம் எதுவும் தரவேண்டாம் என்று வீட்டில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்தவர், உள்ளூர்வாசிகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகேரின் கார்டைக் கேட்டார். இல்லை, மாணவர் காப்பீடு இருக்கிறது என்றார் மாணவி. அப்படியானால் 95 டாலர் இப்போதே கட்டவேண்டும், பிறகு உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சம்பளம் வியாழக்கிழமைதான். கணக்கில் இருந்தது அறுபது டாலர் சொச்சம். மருத்துவரைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டார்.

அந்தப் பலகை பொய் சொல்லவில்லை. பல்க் பில்லிங் என்பது மருத்துவர் தம் கட்டணத்தை அரசின் மெடிகேர் திட்டத்திடமிருந்து நேரடியாகப் பெற்றுக்கொள்வது. மெடிகேர் அட்டை இல்லாதவருக்கு அது பொருந்தாது. 2025 நவம்பர் 1 முதல் பல்க் பில்லிங் செய்யும் மருத்துவர்களுக்கான அரசு ஊக்கத்தொகை மெடிகேர் தகுதி உள்ள எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் இத்தகைய பலகைகளை இப்போது இன்னும் அதிகமாகப் பார்க்கலாம். புதிதாக வந்த மாணவர் அதைப் பார்த்து நம்பி உள்ளே போவதும், கவுன்டரில் கூசிப்போய்த் திரும்புவதும் வாடிக்கையாகிவிட்டன. மாணவர் தேட வேண்டியது வேறு: தம்முடைய காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பில் அனுப்பும் கிளினிக். இங்கே அதை ‘டைரக்ட் பில்லிங்’ என்கிறார்கள்.

வீடு திரும்பியவர் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் மூன்றை எடுத்தார். முந்தைய ஆண்டு எழுதிக்கொடுத்த மருந்தின் மீதி. அவற்றைச் சாப்பிட்டதும் எரிச்சல் குறைந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேலைக்குப் போனார். சனிக்கிழமை இரவு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி.

உடன் இருந்த பெண் ஒருவர் ‘ஹெல்த்டைரக்ட்’ எண்ணை (1800 022 222) அழைத்தார். இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் பேசும் இலவச அரசுச் சேவை அது. மெடிகேர் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கு இல்லை. ஆங்கிலத்தில் நோயை விவரிக்கத் தயங்குபவர்கள் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். காய்ச்சலும் முதுகுவலியும் வாந்தியும் சேர்ந்திருப்பதைக் கேட்ட செவிலியர், உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

அரசு மருத்துவமனையின் எமர்ஜென்சியில் இரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதித்தார்கள். தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து வலப்பக்கச் சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. வாய்வழி மருந்து வயிற்றில் தங்காததால் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக்கும் திரவமும் ஏற்றினார்கள். இரண்டு இரவு படுக்கை. சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனையில் எதுவும் வளரவில்லை. முன்பே சாப்பிட்ட அரைகுறை மாத்திரை கிருமியைக் கொல்லாமல், சோதனையில் சிக்காத அளவுக்கு மட்டும் அடக்கிவைத்திருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அதனால் எந்த மருந்து சரி என்பதை உத்தேசமாகவே முடிவு செய்யவேண்டியிருந்தது. வீடு திரும்பும்போது மேலும் பத்து நாளுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

அவர் எங்களை அழைத்தது அதற்குப் பிறகுதான். “அக்கா, ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மெடிகேருக்குத் தகுதி இல்லாதவர், செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. பல ஆயிரம் டாலர் வருமாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?” என்று அழுதார்.

காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் என்னவென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஊரில் ஏஜென்ட்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொடுத்தார் என்றார். இதை அந்தப் பெண்ணின் அலட்சியம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. விசாக் கோப்பில் செருக வேண்டிய ஒரு தாளாக மட்டுமே இந்தக் காப்பீடு மாணவர்களுக்கு விற்கப்படுகிறது. எதற்குப் பயன்படும், எப்படிப் பயன்படுத்துவது என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பழைய மின்னஞ்சல்களில் தேடி, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்றிதழோடு வந்திருந்த பாலிசி எண்ணைக் கண்டுபிடித்தோம். நிறுவனத்தின் ஆப்பில் பதிவு செய்ததும் உறுப்பினர் அட்டை கைபேசியில் வந்துவிட்டது. அந்த எண்ணை மருத்துவமனையின் பில் பிரிவுக்குக் கொடுத்தோம்.

பணம்

இந்தக் காப்பீடு எதை எவ்வளவு கட்டும் என்பதற்கு அரசுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கிறது. ஆகவே எந்த நிறுவனமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். அளவுகோல், மெடிகேர் சேவைகளுக்கு அரசு வெளியிடும் கட்டண அட்டவணை. குடும்ப மருத்துவரை, அதாவது ஜி.பி.யைப் பார்த்தால் அட்டவணைக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். சிறப்பு மருத்துவர், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றை வெளிநோயாளியாகச் செய்தால் அட்டவணைக் கட்டணத்தில் 85 சதவீதம். அரசு மருத்துவமனையில் சேர்ந்தால், மெடிகேர் இல்லாதவர்களுக்கென அந்த மாநிலம் வைத்திருக்கும் கட்டணம். மருத்துவரீதியாகத் தேவைப்பட்ட அவசர ஆம்புலன்ஸும் இதில் அடங்கும். 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் கடனில் மூழ்கிவிடுவோம் என்று நெஞ்சுவலியோடு டாக்சிக்குக் காத்திருந்த மாணவர்களும் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சிக்கல் அட்டவணையில்தான் இருக்கிறது. சாதாரண ஜி.பி. சந்திப்புக்கு அட்டவணைக் கட்டணம் அப்போது (2025 ஜூலை முதல்) 43.90 டாலர். இந்த மாணவியிடம் கிளினிக் கேட்டது 95. முதலில் கட்டிவிட்டுக் காப்பீட்டிடம் கேட்டிருந்தால் 43.90 திரும்பியிருக்கும், மீதி 51.10 டாலர் அவர் கையிலிருந்துதான் போயிருக்கும். இந்த மீதியை இங்கே ‘கேப்’ என்பார்கள். அட்டவணைக் கட்டணம் கிளினிக்கை நடத்தும் செலவைவிடப் பின்தங்கிப்போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 2013 முதல் 2018 வரை ஜி.பி. சந்திப்புக்கான தொகையை அரசு உயர்த்தாமல் நிறுத்திவைத்திருந்தது. அந்த இடைவெளி இன்றும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

இப்போது மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். நிரந்தரமற்ற கேஷுவல் வேலை என்பதால் நோய்விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. கேஷுவல் தொழிலாளருக்குரிய குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 31.19 டாலர். மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் படுத்திருந்த ஒரு வாரத்தில் அவர் இழந்தது 24 மணி நேர வேலை, அதாவது 748 டாலருக்கு மேல். ஒரு தேர்வையும் தள்ளிவைக்கவேண்டியிருந்தது. மருத்துவச் சான்றிதழ் இருந்ததால் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. 51 டாலரைத் தவிர்க்கப் போய் நேர்ந்த இழப்பு இது. அதை அவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது நியாயமாகாது. செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு முன்னால் இருந்த எண் 95. அது அவரிடம் இல்லை.

மருந்து விஷயத்தில் மாணவர்களுக்குப் பிரச்சினை வேறு விதம். அரசு மானிய மருந்துத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. கடை விலையை முழுதாகக் கட்டவேண்டும். அந்தத் திட்டத்தில் ஒரு மருந்துக்கு உள்ளூர்வாசிகள் கட்டும் அதிகபட்சத் தொகை 2026 ஜனவரி முதல் 25 டாலர். விலை அதைத் தாண்டினால் தாண்டிய பகுதியை மட்டும் காப்பீடு தரும், அதுவும் ஒரு மருந்துக்கு 50 டாலர், தனிநபருக்கு ஆண்டுக்கு 300 டாலர் என்ற வரம்போடு. மாணவிக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் 25 டாலருக்குள் இருந்ததால் ஒரு சென்ட்டும் திரும்பவில்லை. கூடுதல் வசதியுள்ள சில பாலிசிகள் இதைவிட அதிகம் தரும். வழக்கமாக விலையுயர்ந்த மருந்து எடுப்பவர்கள் பாலிசி வாங்கும்போதே இந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்பது நல்லது.

கடிதம்

மருத்துவமனை பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய சில வாரங்களில் மாணவிக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த நோய் பாலிசி தொடங்குவதற்கு முன்பே இருந்ததா என்று மருத்துவரிடம் படிவம் பூர்த்தி செய்து வாங்கி அனுப்பச் சொன்னார்கள். எமர்ஜென்சியில் அவர், “இது எனக்கு முன்பும் வந்திருக்கிறது” என்று சொன்னது மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தது.

இந்தக் கடிதத்தைக் கண்டு பல மாணவர்கள் நிலைகுலைந்துவிடுகிறார்கள். முன்பே இருந்த நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு என்ற விதி உண்மைதான். முன்பே இருந்ததா என்பதை நிறுவனம் நியமிக்கும் மருத்துவர் தீர்மானிப்பார் என்பதும் உண்மை. ஆனால் அவசர சிகிச்சைக்கு அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு உண்டு. தவிர, முந்தைய ஆண்டு வந்து குணமாகிவிட்ட தொற்று வேறு, ஏப்ரலில் புதிதாக வந்த தொற்று வேறு. மருத்துவமனையில் சிகிச்சை அளித்த மருத்துவர் இந்த இரண்டையும் படிவத்தில் தெளிவாக எழுதிக்கொடுத்தார். நிறுவனம் பில்லை மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டிவிட்டது.

மருத்துவரிடம் பழைய நோயைச் சொன்னதால்தானே இவ்வளவும் என்று மாணவி ஒருமுறை கேட்டார். மறைக்கவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. பழைய தொற்று, ஏற்கெனவே விழுங்கிய மாத்திரை, ஒவ்வாமை ஆகியவற்றை மறைத்தால் சிகிச்சை தவறிப் போகும். உயிரோடு விளையாடுவது அது. காப்பீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல முறைகள் இருக்கின்றன. நிறுவனம் மறுத்திருந்தால் முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கும், அங்கும் தீராவிட்டால் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் என்ற மத்திய அரசின் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கும் போயிருப்போம். மாணவர் காப்பீட்டுப் புகார்களை அந்த அலுவலகம் கட்டணமின்றி விசாரிக்கிறது. விசாவுக்குப் பாதகம் வந்துவிடும் என்ற அச்சத்தில் புகார் கொடுக்காமல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: காப்பீட்டுத் தொகையைக் கேட்பது நீங்கள் பணம் கட்டி வாங்கிய உரிமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை

எரிச்சல் மட்டும் இருந்த அந்த நாளில் இவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன?

முதலாவது, அவருடைய பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மருத்துவ மையம். வாரத்தில் நான்கு நாள் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார். அவருடைய நிறுவனம் உட்படப் பல நிறுவனங்களுக்கு அங்கே நேரடியாகப் பில் அனுப்புகிறார்கள். சாதாரண சந்திப்புக்கு மாணவர் எதுவும் கட்டவேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இவர் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. அறிமுக வாரத்தில் அந்த மையத்தைப் பற்றி அறிவித்திருக்கிறார்கள். அந்த வாரத்தில் வீடு தேடி அலைந்துகொண்டிருந்த மாணவியின் காதில் அது விழவில்லை.

இரண்டாவது, காப்பீட்டு நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ அஞ்சல் குறியீட்டைப் போட்டால் நேரடியாகப் பில் அனுப்பும் கிளினிக்குகளின் பட்டியல் வரும். பட்டியலை மட்டும் நம்பிப் போகக் கூடாது. தொலைபேசியில் அழைத்து, நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதற்கு நேரடியாகப் பில் அனுப்புவீர்களா, சாதாரண சந்திப்புக்கு நான் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்கவேண்டும். மாலை, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கட்டணம் மாறும் என்பதால் போகப்போகும் நேரத்தையும் சொல்லிக் கேட்பது நல்லது. ஒப்பந்தம் இருக்கும் கிளினிக்கிலும் சில மருத்துவர்கள் கேப் வாங்குவார்கள். அதுவும் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கட்டணம் கேட்பது மரியாதைக்குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே ரிசப்ஷனில் அமர்ந்திருப்பவருக்கு அது நாளெல்லாம் கேட்கும் சாதாரணக் கேள்வி.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 18 முதல் 65 வயதுக்குட்பட்ட பெண்களுக்குச் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்று என்றால், அதற்கெனப் பயிற்சி பெற்ற மருந்தாளர் மருந்துக்கடையிலேயே கேட்டறிந்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம். மருத்துவர் சீட்டு தேவையில்லை. மருந்தாளர் இதற்குக் கட்டணம் வாங்கினால் அதைக் காப்பீடு தராமல் போகலாம், ஆகவே முதலில் விலையைக் கேட்டுக்கொள்ளவேண்டும். காய்ச்சல், முதுகுவலி, கர்ப்பம் இருந்தால் மருந்தாளர் மருத்துவரிடமே அனுப்புவார். திங்கட்கிழமை இவரிடம் இருந்த அறிகுறிகள் இந்த வழிக்குப் பொருத்தமானவை.

பெட்டியில் இருந்த மாத்திரைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத மருந்தை மருத்துவர் சீட்டோடு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரலாம். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு அது பேருதவி. மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கைக் கொண்டுவருவதை அதே பட்டியலில் சேர்க்க முடியாது. இந்த நிகழ்வில் செலவைப் பெருக்கியதில் 95 டாலர் பில்லுக்கு இருந்த பங்கு, அந்த மூன்று மாத்திரைகளுக்கும் இருந்தது.

பிறகு

மே மாதம் வளாக மையத்தில் மருத்துவரைப் பார்த்தார். கேப் இல்லை. ஓராண்டுக்குள் மறுபடி வந்திருப்பதாலும் சிறுநீரகம் வரை போனதாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்கள். இந்த முறை அவரே ஸ்கேன் மையங்களை அழைத்து, தன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விலை கேட்டார். ஒன்றுக்கொன்று நூறு டாலருக்கு மேல் வித்தியாசம் இருந்தது. நேரடியாகப் பில் அனுப்பும் மையத்தில் சிறு தொகைதான் கையிலிருந்து கட்டினார். சிறுநீரகங்கள் இரண்டும் இயல்பாக இருந்தன. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டிய தேவை வரவில்லை. வந்திருந்தால் 85 சதவீத விதியும், அட்டவணையைப் பல மடங்கு தாண்டும் சிறப்பு மருத்துவர் கட்டணமும் சேர்ந்து நிஜமான பாரமாகியிருக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள், தங்களை அனுப்பும் ஜி.பி.யிடமே அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு எழுதிக்கொடுக்க முடியுமா என்றும், அங்கே தங்கள் காப்பீடு செல்லுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

அவருடைய பாலிசி மாணவர் விசா முடியும் நாளோடு முடிகிறது. படிப்புக்குப் பிறகு 485 எண் பட்டதாரி விசாவுக்கு மாறினால் இந்த மாணவர் காப்பீடு செல்லாது. வெளிநாட்டு வருகையாளருக்கான வேறு வகைப் பாலிசி வாங்கவேண்டும். அதில் ஜி.பி. சந்திப்பு சேராத மலிவுப் பாலிசிகளும் விற்கப்படுகின்றன. வாங்கும்போது ஏஜென்ட்டிடம் விடாமல், அவரே நிறுவனத்தை அழைத்து அந்த ஒரு வரியைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.